சுறாக்கொம்பும் கற்கோயிலும்

பழவேற்காட்டுக்குக் கோயில் காணப் போகிறோம் என்றதும் நண்பர் ஒருவர் குறும்பாக நகைத்தார். “நீங்களுமா கோயிலுக்குப் புறப்பட்டுவிட்டீர்கள்?” என்று கேட்டார். ஆம், புறப்பட்டுவிட்டோம்! கைகூப்ப அல்ல, கண்திறந்து பார்க்க. வரம் கேட்க அல்ல, வரலாறு கேட்க. கோயில் பக்தனுக்கு மட்டுமே உரியது, பகுத்தறிவாளன் அந்தத் திக்கில் தலைவைத்தும் படுக்கலாகாது என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் பிழை என்போம். கல்லை வெட்டியவன் நம் பாட்டன். அதைச் சுமந்தவன் நம் பாட்டன். குளம் தோண்டியவனும் மதில் எழுப்பியவனும் அவனே. எழுப்பி முடித்த பிறகு அம்மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் அவன் கூட்டத்தில் உண்டு. அவன் வியர்வை எழுதிய ஏட்டைப் படிக்காமல் விட்டால் இழப்பு யாருக்கு? நமக்கன்றோ!

கோயிலுக்குச் செல்வோர் கருவறையை நோக்கி விரைவர். தீப ஒளியில் ஒரு கணம் சிலையைக் கண்டு, திருநீறோ துளசியோ பெற்றுத் திரும்புவர். நாம் காண விரும்பியது முற்றத்தை. மரம் நிற்கும் இடம், குளம் கிடக்கும் இடம், கூட்டம் கூடும் இடம், யார் வரலாம், யார் வரக்கூடாது என்று ஊர் தீர்ப்பளித்த இடம் அதுவே. சிலைகள் எல்லா ஊரிலும் ஏறத்தாழ ஒன்றே. முற்றந்தான் ஊருக்கு ஊர் வேறுபடும். ஊரின் உண்மை வரலாறும் அங்கேதான் கிடக்கிறது.

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் தொடர்வண்டியில் பொன்னேரியில் இறங்கினோம். ஆரணியாற்றங்கரை ஊர். அகத்தீசுவரர் என்று சிவனுக்கு ஒரு கோயில், கரிகிருட்டிணப் பெருமாள் என்று திருமாலுக்கு ஒரு கோயில். சித்திரையில் இரு கோயில் தெய்வங்களும் எதிரெதிரே வந்து சந்திக்கும் விழா இங்கே பெயர்பெற்றது. அரனும் அரியும் ஒருவரையொருவர் கண்டு மகிழ்வதாக ஐதிகம். நல்லதுதான்! சைவரும் வைணவரும் சண்டையிட்ட நாட்டில் தெய்வங்களையாவது சமாதானம் செய்துவைக்க வேண்டும் என்று யாரோ ஒரு நல்லவர் நினைத்திருக்கிறார். ஆனால் அவ்வளவு பெரிய சந்திப்பிலும், பல நூற்றாண்டுக் காலம், ஊர்த்தெருவும் சேரியும் சந்திக்கவில்லை. தெய்வங்கள் கைகுலுக்குவது எளிது, மனிதர் கைகுலுக்குவது அரிது என்பதை அத்திருவிழா நமக்கு உணர்த்திற்று.

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து. வழியில் திருப்பாலைவனம். அங்குள்ள சிவன் கோயிலின் தலமரம் பாலை மரம். பெயரைச் செவியுற்று மணற்காட்டை எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். பாலை மரக்காடு இருந்த இடம் என்பதே பெயரின் பொருள். தமிழகத்துக் கோயில்களில் பெரும்பாலானவற்றுக்கு இப்படி ஒரு மரம் உண்டு. ஆலவாயில் கடம்பு, தில்லையில் தில்லை, காஞ்சியில் மா. இதன் பொருள் என்ன? முதலில் மரம் நின்றது. மரத்தடியில் மக்கள் கூடினர். கூடிய இடம் வழிபடும் இடமாயிற்று. பின்னர் மரத்தடியில் கல் வந்தது, கல்லுக்குக் கூரை வந்தது, கூரைக்கு மதில் வந்தது, மதிலுக்குக் கதவு வந்தது, கதவுக்குக் காவல் வந்தது. மரம் மட்டும் பழைய உரிமையின் சான்றாக ஒரு மூலையில் நின்றுவிட்டது. நிழல் தருவதற்குச் சாதி கேட்காத ஒன்று அந்த வளாகத்துக்குள் உண்டென்றால் அது அம்மரந்தான்.

பழவேற்காட்டை அடைந்தோம். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சில்காவுக்கு அடுத்த பெரிய ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் பரந்து, தென்முனையில் மட்டும் தமிழகத்தைத் தொட்டு, அங்கே ஒரு முகத்துவாரத்தின் வழியே கடலோடு கலக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் இடையே மணல்மேட்டில் மீனவர் குப்பங்கள். ஏரிக்கரையில் பழைய பட்டினம். பழைய ஆவணங்களில் இவ்வூருக்குப் பல பெயர்கள் உண்டு. பிரளய காவேரி என்பது ஒன்று, விசயநகரத்தார் நாளில் ஆனந்தராயன் பட்டணம் என்பது மற்றொன்று. மன்னர்கள் பெயரை மாற்றிக்கொண்டே இருந்தனர். மக்கள் பழவேற்காடு என்றே சொல்லிக்கொண்டிருந்தனர். வென்றது மக்கள் நாவே!

ஊருக்குள் ஆதிநாராயணப் பெருமாள் கோயில். விசயநகரக் காலத்துக் கலைமுறையில் அமைந்தது. காஞ்சியிலும் தஞ்சையிலும் கருங்கல்லைக் கண்டு பழகிய கண்களுக்கு இக்கோயில் வியப்பளிக்கும். இங்கே மிகுதியும் பயன்பட்டிருப்பது செம்பாறாங்கல். மென்மையானது, சிற்பியின் உளிக்கு எளிதில் இணங்குவது, ஆனால் உப்புக்காற்றுக்கும் அவ்வாறே எளிதில் இணங்கிவிடுவது. கையகல இடத்துக்குள் இராமகாதைக் காட்சிகளைச் செதுக்கிவைத்திருக்கிறான் ஒரு சிற்பி. அண்ணாந்து நோக்கி நோக்கிக் கழுத்து வலித்தது, கண் மட்டும் சலிக்கவில்லை. விரலளவு உருவம், அதில் வில் வளைகிறது, துணி நெளிகிறது, முகம் பேசுகிறது. பல இடங்களில் கல் பொரிந்து உதிர்ந்து, தலையில்லா வீரரும் காலில்லாக் குரங்கும் எஞ்சி நிற்கின்றனர்.

இராமகாதையைப் பற்றி நமக்குள்ள கருத்து வேறு. அக்கருத்து சிற்பியின் திறத்தை மறைக்க விடமாட்டோம். கதை யாருடையதாயினும் கை நம்முடையது. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்த்தோம். அந்தக் காதையில் குகன் என்று ஓர் ஓடக்காரன் வருகிறான். அரசகுமாரன் அவனைத் தழுவித் தம்பி என்கிறான். படித்தவர் கண்ணீர் மல்கப் பாராட்டும் கட்டம் அது. அக்கதையைச் சுவரில் செதுக்கிய நாடு, வாயிலில் என்ன செய்தது? உழைத்த மக்களில் ஒரு பெரும் பகுதியைத் தீண்டத்தகாதார் என்று சொல்லித் தொலைவில் நிறுத்திற்று. கல்லில் தம்பி, கதவில் எட்டி நில்! இந்த முரண்பாட்டைச் சிற்பி அறிந்திருப்பானா? அறிந்திருந்தால் அவன் உளி ஒரு கணமேனும் நடுங்கியிருக்கும்.

அந்தக் கதவு தானாகத் திறக்கவில்லை என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். 1924இல் வைக்கத்தில் கோயிலுக்குள் போக அன்று, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கவே போராட வேண்டியிருந்தது. 1939இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தனர். 1947இல் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் முழு உருப்பெற்றது. கோயிலின் வயதைப் பல நூற்றாண்டு என்று பெருமிதத்தோடு சொல்கிறோம். எல்லாருக்கும் பொதுவான கோயிலின் வயதைச் சொல்லச் சொன்னால் நூறாண்டுகூட ஆகவில்லை என்று தலைகுனிந்துதான் சொல்ல வேண்டும். கருவறைக் கதவோ இன்னும் புதிது. பரம்பரை அருச்சகர் உரிமையை நீக்க 1970இல் தமிழகச் சட்டமன்றம் சட்டம் செய்தது. 1972இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று கூறிய அதே தீர்ப்பில் ஆகமத்தைக் காவலுக்கு நிறுத்திற்று. பல சாதியினரும் பயிற்சி பெற்று அருச்சகராக அமர்த்தப்பட்ட நாள் 2021 ஆகஸ்டு 14. கதவுக்கும் கருவறைக்கும் இடையே உள்ள சில அடித் தூரத்தைக் கடக்க நமக்கு எழுபது ஆண்டுக்கு மேல் தேவைப்பட்டது!

கோயிலைவிட்டு வெளியே வந்தால் அடுத்தடுத்துப் பிற முற்றங்கள். மரக்காயர்கள் தொழும் பள்ளிவாசல்கள். அவற்றுள் சின்னப் பள்ளியில் நிழலைக் கொண்டு நேரம் காட்டும் கடிகாரம் இருக்கிறது. தொழுகைக்கு வானத்தையும் கணக்கையும் துணைக்கழைத்த அறிவை அங்கே கண்டு மகிழ்ந்தோம். போர்ச்சுகீசியர் நாளிலிருந்து வழிவழியாக வரும் மகிமை மாதா கோயிலும் இங்கே உண்டு. ஒரே சிற்றூரில் மூன்று சமயங்கள், நான்கு மொழி வணிகர்கள். இத்தனைக்கும் காரணம் என்ன? துணி!

ஆம், துணிதான். இக்கரையின் தறிகளில் நெய்து, சாயமேற்றி, கட்டம் போட்ட துணி கீழ்த்திசைத் தீவுகளில் பொன்னாக மதிக்கப்பட்டது. அங்கே மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வாங்க வேண்டுமானால் வெள்ளியைவிட இத்துணியே விரைவில் விலைபோயிற்று. இன்றும் மலேயாவில் ஆடவர் உடுத்தும் கைலிக்கு ‘காயின் பெலேக்காட்’ என்று பெயர். பெலேக்காட் என்பது வேறொன்றுமில்லை, நம் பழவேற்காடே! பழவேற்காட்டு நெசவாளியின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆயினும் அவன் ஊரின் பெயரைக் கடல்கடந்த ஒரு நாடு இடுப்பில் கட்டிக்கொண்டிருக்கிறது.

அத்துணிக்காகவே ஒல்லாந்தர் வந்தனர். 1610இல் விசயநகர மன்னன் வேங்கடனிடம் அனுமதி பெற்றுப் பண்டகசாலை அமைத்தனர். 1612இல் சாந்தோமிலிருந்த போர்ச்சுகீசியர் வந்து அதை அழித்தனர். 1613இல் ஒல்லாந்தர் கோட்டை எழுந்தது. கெல்திரியா என்று தம் நாட்டு மாநிலம் ஒன்றின் பெயரை அதற்குச் சூட்டினர். சோழமண்டலக் கரையில் அவர்கள் ஆட்சிக்குத் தலைமையிடமாகப் பழவேற்காடு விளங்கிற்று. இங்கே நாணயம் அடித்தனர், வெடிமருந்து செய்தனர். 1690இல் தலைமையை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டனர். பின்னர் ஆங்கிலேயரிடம் கைமாறிக் கைமாறி, 1825இல் ஊர் முழுமையாக ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டை இன்று முட்புதரும் மண்மேடும்.

கோட்டை அழிந்தது. கல்லறைகள் அழியவில்லை. ஒல்லாந்தர் இடுகாட்டு வாயிலின் இருபுறமும் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ‘நீயும் இப்படித்தான் ஆவாய்’ என்று வருவோரை எச்சரிப்பது அவர்கள் கருத்தாக இருக்கலாம். உள்ளே வணிகரும் அதிகாரிகளும் அவர்தம் மனைவி மக்களும் துயில்கின்றனர். குலச்சின்னம், பெயர், பிறந்த ஊர், இறந்த நாள் அனைத்தும் அழகிய எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. நடுவண் அரசின் தொல்லியல் துறை அவ்விடத்தைக் காத்து வருகிறது. காக்கட்டும், அதில் நமக்குக் குறையில்லை. ஆனால் அந்தக் கல்லறைகளுக்கிடையே நடக்கும்போது வேறொரு கேள்வி நம் நெஞ்சை அறுத்தது.

இக்கரையிலிருந்து கப்பலேறியது துணி மட்டுமன்று, மனிதரும் ஏற்றப்பட்டனர். பதினேழாம் நூற்றாண்டில், பஞ்சம் வாட்டிய காலங்களில், பசிக்குத் தம்மையும் தம் மக்களையும் விற்றவர்களை ஒல்லாந்தர் கும்பினி விலைக்கு வாங்கிற்று. பழவேற்காட்டிலிருந்தும் தேவனாம்பட்டினத்திலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆயிரக்கணக்கில் பத்தாவியாவுக்கும் மிளகுத் தீவுகளுக்கும் அடிமைகளாக அனுப்பிற்று. மழை பொய்த்த ஆண்டில் மனித விலை மலிந்தது. விலை மலிந்த ஆண்டில் கப்பல் நிறைந்தது. வாங்கியவனுக்குக் கல்லறை உண்டு, கல்லறைக்குக் காவல் உண்டு, காவலுக்குச் சம்பளம் உண்டு. விற்கப்பட்டவனுக்கு? பெயர் இல்லை, நாள் இல்லை, ஒரு சிறு நடுகல்லும் இல்லை. அவன் தலைமுறை எத்தீவில் எம்மொழி பேசி வாழ்கிறதோ! போரில் மாண்ட வீரனுக்கு நடுகல் எடுத்த தமிழ்க்கரை, பசியில் விற்கப்பட்டவனுக்காக ஒரு கல்லையேனும் நட்டிருக்க வேண்டாவா?

அந்தக் கனத்த நெஞ்சோடு படகேறிக் குப்பத்துக்குச் சென்றோம். அங்கேதான் நாம் காண வந்த மூன்றாவது முற்றம். வேம்பு ஒன்று. அதன் அடியில் செங்கல் மேடை. மேடைமேல் சூலம், மஞ்சள் பூசிய கல், பழைய துடுப்பு. வேம்பின் அடிமரத்தில் மஞ்சள் துணி சுற்றிக் கட்டியிருந்தது. மதில் இல்லை, கதவு இல்லை. வலையைப் பழுது பார்த்தபடி நிழலில் அமர்ந்திருந்த முதியவரை அணுகினோம்.

“பெரியவரே, இங்கே பூசை செய்வது யார்?”

“நாங்கதான் ஐயா. எங்க பங்காளி ஒருத்தர் செய்வார். அவருக்கு ஒடம்பு சரியில்லேன்னா நானே செய்வேன்.”

“மந்திரம்?”

அவர் நம்மைச் சற்று இரக்கத்தோடு பார்த்தார். “அம்மாவுக்குத் தமிழ் தெரியுமே ஐயா!” என்றார்.

எழுபது ஆண்டுப் போராட்டமும் இரண்டு சட்டங்களும் ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் நாம் பேசியாக வேண்டியிருந்த ஒன்றை, அவர் வலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டே மூன்று சொல்லில் முடித்துவிட்டார்.

இவ்வகை முற்றம் எவ்வளவு பழமையானது? பட்டினப்பாலையைத் திறந்து பாருங்கள். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முன் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர், சுறாமீனின் கொம்பை மணலில் நட்டு, அதில் தம் தெய்வம் உறைவதாகக் கொண்டு வழிபட்ட செய்தியை உருத்திரங்கண்ணனார் பாடியிருக்கிறார். முழுமதி நாளில் அவர்கள் கடலுக்குச் செல்லவில்லை. தாழை மலர் சூடி, கள் அருந்தி, மணற்பரப்பில் மகிழ்ந்து விளையாடினர். அதுதான் நெய்தல் நிலத்துக் கோயில்! கருவறை ஒரு கொம்பு, கூரை வானம், சுற்றுச்சுவர் அலை. தன்னைக் கொல்ல வல்ல மீனின் கொம்பையே நட்டு வைத்தான் பரதவன். அச்சத்தைக் கண்ணெதிரே நிறுத்திப் பழகிக்கொண்ட மனம் அது. அச்சம் தேவையா என்று இன்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆயினும் அந்த அச்சத்தை வைத்து எவனும் அவனிடம் தட்சிணை வாங்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

கொம்புடைய அம்மீனை நம் மீனவர் வேளா என்பர். இன்று அது நம் கடலில் காண்பதற்கே அரிதாகி, 2001 முதல் சட்டத்தின் காப்பில் உள்ள உயிரினமாகிவிட்டது. தெய்வம் என்று நட்ட கொம்பு எஞ்சியிருக்கலாம். கொம்பைத் தந்த மீன் இல்லாமற்போகும் நிலை.

மரம், கல், திறந்த முற்றம் என்னும் இவ்வழிபாடு நமக்கு மட்டும் உரியதா? அன்று. பழவேற்காட்டுக் கோட்டையிலிருந்து துணியேற்றிய ஒல்லாந்தர் வலைப்பின்னலின் மறுமுனை ஜப்பானில் இருந்தது. 1609இல் இரதோ என்னும் தீவிலும், 1641 முதல் நாகசாகியை ஒட்டிய தெசிமாவிலும் அவர்கள் பண்டகசாலை வைத்திருந்தனர். அங்கிருந்து செம்பு நம் கரைக்கு வந்தது, இங்கிருந்து கோடு போட்ட பருத்தித் துணி அங்கே சென்றது. அத்துணியை ஜப்பானியர் ‘சந்தோமே’ என்றே அழைத்தனர். நம் மயிலாப்பூர்ச் சாந்தோம்தான் அப்படித் திரிந்தது. துணி போன வழியே நாமும் எண்ணத்தால் போய்ப் பார்ப்போம்.

ஜப்பானியரின் பழைய வழிபாட்டுக்கு ஷின்டோ என்று பெயர். அவர்கள் ஊர்க்கோயில் பெரும்பாலும் ஒரு சோலைக்குள் இருக்கும். நுழைவில் இரண்டு தூண், அவற்றின்மேல் குறுக்கே இரண்டு உத்திரம். தோரீ எனப்படும் அந்த வாயிலுக்குக் கதவு கிடையாது. உள்ளே நுழைந்ததும் ஒரு தொட்டியில் நீர். அகப்பையால் மொண்டு கையும் வாயும் கழுவிக்கொள்வர். முதிய மரத்தின் அடியில் வைக்கோற் புரி சுற்றியிருக்கும். நம் வேம்பைச் சுற்றிய மஞ்சள் துணியேதான்! கருவறையில் பெரும்பாலும் சிலை இராது. ஆடியோ கல்லோ வாளோ மூடி வைக்கப்பட்டிருக்கும். மீனவர் தெய்வம் ஏபிசு. கடலில் மிதந்து வந்த கல்லையும் கரையொதுங்கிய திமிங்கலத்தையுங்கூட ஏபிசு என்று கொண்டாடிய ஊர்கள் உண்டு. சுறாக்கொம்பு நட்ட பரதவனும் மிதந்து வந்த கல்லை எடுத்து வைத்த ஜப்பானிய மீனவனும் ஒருவரையொருவர் கண்டதில்லை. கடல்தான் இருவருக்கும் ஒரே பாடத்தைக் கற்பித்திருக்கிறது.

அங்கே நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள், நமக்குத் தேவையான பாடம் அதில் இருக்கிறது. 1868க்குப் பின் அமைந்த புதிய அரசு, ஊர்ச்சோலைத் தெய்வத்தை அப்படியே விட்டுவைக்கவில்லை. கோயில்களைத் தரம் பிரித்தது, பூசாரிகளை அரசு அலுவலர் ஆக்கிற்று, எல்லாத் தெய்வத்துக்கும் மேலே பேரரசரின் குலதெய்வத்தை வைத்தது. 1906இல் சிறு கோயில்களைப் பெரிய கோயில்களோடு இணைக்க ஆணை பிறந்தது. 1,90,000க்கு மேல் இருந்த ஊர்க்கோயில்களில் ஏறத்தாழ 70,000 அடுத்த சில ஆண்டுகளில் மறைந்தன. கோயில் போனதும் சோலை போயிற்று, சோலை போனதும் மரம் விலைக்குப் போயிற்று. மினகாட்டா குமகுசு என்ற அறிஞர் இதனை எதிர்த்து எழுதினார், போராடினார், 1910இல் சிறையும் கண்டார். அவர் வெறும் பக்தரல்லர், செடிகொடிகளையும் பூஞ்சைகளையும் ஆய்ந்த அறிவியலாளர். மரம் அழிந்தால் ஊர் கூடும் இடம் அழியும், ஊர் கூடாவிட்டால் உரிமையும் அழியும் என்று அவர் உணர்ந்திருந்தார்.

அரசர் வழிபாடாக மாற்றப்பட்ட ஷின்டோ எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை உலகம் அறியும். கொரியாவில் பள்ளிச் சிறுவரையும் அக்கோயில்களின் முன் தலைவணங்கச் செய்தனர். பேரரசர் பெயரால் இளைஞர்களைப் போரில் பலியிட்டனர். தோல்விக்குப் பின், 1945 டிசம்பரில் கோயிலும் அரசும் வெவ்வேறாக்கப்பட்டன. 1946ஆம் ஆண்டுப் பிறப்பன்று, தாம் தெய்வம் என்ற கருத்தைப் பேரரசரே மறுத்து அறிக்கை விட்டார். மரத்தடியில் இருந்தவரை அந்த வழிபாடு யாரையும் கொல்லவில்லை. அரண்மனையில் ஏறிய பிறகே அது கொல்லக் கற்றுக்கொண்டது.

நம் நாட்டிலும் மரத்தடித் தெய்வத்தை மாற்றும் முயற்சி நடக்காமல் இல்லை. ஆணை போட்டு நடப்பதைவிட ஆசைகாட்டி நடப்பதே இங்கு மிகுதி. எல்லையம்மனுக்கு ஒரு வடமொழிப் பெயர், பெயருக்கு ஒரு புராணம், புராணத்துக்கு ஒரு கோபுரம், கோபுரத்துக்குக் குடமுழுக்கு, குடமுழுக்குக்கு வெளியூர் ஐயர். முடிவில், தலைமுறை தலைமுறையாகப் பூசை செய்த குப்பத்து முதியவர் தம் தெய்வத்துக்கே அயலாராகி வெளியே நிற்பார். 2003இல் கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்க 1950ஆம் ஆண்டுச் சட்டம் தூசி தட்டி எடுக்கப்பட்டது. சிற்றூர் மக்களின் எதிர்ப்புக்குப் பின் 2004இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. உயிர்ப்பலியை நாம் போற்றவில்லை. அறிவு வளர்ந்தால் அது தானே ஒழியும் என்பதே நம் நம்பிக்கை. ஆனால் ஏழையின் தெய்வம் எப்படி உண்ண வேண்டும் என்று ஆணையிட்டவர்கள், பெரிய கோயிலின் கருவறையில் யார் நுழையலாம் என்பதில் அதே வேகத்தைக் காட்டினார்களா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இவ்வளவு சொன்னதால் குப்பத்து முற்றம் குறையே இல்லாத பொன்னுலகம் என்று பாடி முடித்துவிடலாமா? முடிக்கலாம், ஆனால் அது பொய்யாகிவிடும். நண்பனின் குறையைச் சொல்லாதவன் நண்பனல்லன்.

பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. முகத்துவாரத்தின் அருகே, நீரோட்டத்துக்குக் குறுக்கே வலை கட்டி இறால் பிடிக்கும் இடங்கள் சில. இடம் சில, வலையோ பல. எல்லாரும் ஒரே நாளில் இறங்கினால் அடிதடிதான். ஆகவே குப்பத்துக்குக் குப்பம், ஆளுக்கு ஆள் முறை வைத்துக்கொண்டு, இன்று உனக்கு, நாளை எனக்கு என்று பகிர்ந்துகொள்கின்றனர். அரசு எழுதிக் கொடுத்த விதியன்று, கோயில் முற்றத்தில் ஊர் கூடி, பேசி, காத்துவரும் விதி. வல்லான் வளைத்துக்கொள்ளாமல், மெலியானுக்கும் நாள் கிடைக்கச் செய்யும் அறிவு. அறிஞர்கள் பலர் வந்து ஆராய்ந்து வியந்த முறை இது. நாமும் வியக்கிறோம்.

ஆனால் பங்கு யாருக்கு? ‘தலைக்கட்டு’ உள்ளவனுக்கு. தலைக்கட்டு என்பது குறிப்பிட்ட குப்பங்களைச் சேர்ந்த பட்டினவர் குல ஆண்மகனுக்கு. மீனைக் கூடையில் சுமந்து, வெயிலில் நடந்து, விற்றுக் காசாக்கும் பெண்ணுக்குப் பங்கு இல்லை. அதே ஏரியை நம்பி வாழும் தாழ்த்தப்பட்ட மீனவருக்கு அந்த இடங்களில் முறை இல்லை. வலையே இல்லாமல், இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கு அந்த முற்றத்தில் வாய் திறக்கவும் இடமில்லை. பெரிய கோயிலின் மதில் கண்ணுக்குத் தெரிகிறது, ஆகவே சினம் கொள்கிறோம். குப்பத்து முற்றத்தைச் சுற்றிய மதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. நீரில் கட்டிய மதில் அது! அந்தணர் இல்லாத இடத்தில் சாதி இல்லை என்று நினைத்தவர்க்கு இந்த ஏரி விடையளிக்கிறது. மேலே இருப்பவன் தள்ளும்போது வலிக்கிறது. கீழே இருப்பவனைத் தள்ளும்போது வழக்கம் என்கிறோம்.

முதியவரிடம் இதையும் கேட்டோம். வலையிலிருந்த கை நின்றது. நெடுநேரம் ஏரியைப் பார்த்தார்.

“கேக்குறது ஞாயந்தான் ஐயா. மீனே கொறஞ்சிபோச்சி. இருக்கறவங்களுக்கே நாள் பத்தலே. முகத்துவாரம் மண்ணுல தூந்துபோவுது. இதுல இன்னும் பத்துப் பேரைச் சேத்தா யாருக்கு என்னா மிஞ்சும்?”

இது நேர்மையான விடை. வறுமையின் விடை. ஏரி தூர்ந்தால் பங்கு சுருங்கும், பங்கு சுருங்கினால் சாதி இறுகும். முகத்துவாரத்தில் மணல் அடைவதும், எண்ணூர்ப் பக்கத்துத் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் கரையையும் நீரையும் மாற்றி வருவதும் மீனவன் வயிற்றில் மட்டும் அடிக்கவில்லை. அவன் முற்றத்தை இன்னும் குறுக்குகின்றன. ஆகவே ஏரியைக் காக்கும் போராட்டமும் சாதியைக் கரைக்கும் போராட்டமும் வெவ்வேறல்ல என்று கண்டோம். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊருக்குள் புகுந்தபோது தலைக்கட்டு உள்ளவன், இல்லாதவன் என்று அலை வேறுபாடு பார்க்கவில்லை. அன்று எல்லாரும் ஒரே மேட்டை நோக்கித்தான் ஓடினர். ஆபத்தில் மேடு பொதுவானால் வாழ்வில் ஏரி பொதுவாகக் கூடாதா?

மாலையாயிற்று. படகு திரும்பிற்று. கரையில் நின்று நினைத்துப் பார்த்தோம். கல்லில் செதுக்கிய கோயிலை உப்புக்காற்று தின்றுகொண்டிருக்கிறது. அதைக் காக்க வேண்டும். சிற்பியின் கையைக் காப்பதற்குப் பக்தி தேவையில்லை, நன்றி போதும். ஒல்லாந்தர் கல்லறையைக் காப்பதோடு, இங்கிருந்து விற்கப்பட்டவர்களுக்கும் ஒரு கல் நட வேண்டும். அதில் பெயர் பொறிக்க இயலாது, உண்மையைப் பொறிக்கலாம். குப்பத்து வேம்படியை எந்தக் கோபுரமும் விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வேம்படிக்கு இருளர் வீட்டுப் பெண்ணும் வந்து, அமர்ந்து, தனக்கும் ஏரியில் ஒரு நாள் கேட்கும் காலத்தைக் கொண்டுவர வேண்டும்.

பேருந்து பொன்னேரியை நோக்கித் திரும்பியது. திருப்பாலைவனத்தைக் கடக்கையில் இருட்டிவிட்டது. கோபுரம் தெரிந்தது, பாலை மரம் தெரியவில்லை. நண்பர் காலையில் கேட்டது நினைவுக்கு வந்தது. கோயிலுக்குப் போய் என்ன கொண்டுவந்தீர் என்று இப்போது கேட்டால் சொல்வோம். திருநீறு கொண்டுவரவில்லை, தீராத ஒரு கடனைத் தெரிந்துகொண்டு வந்தோம். அதை அடைக்கும் வேலை நமக்கும் உண்டு, நண்பருக்கும் உண்டு, இதைப் படிக்கும் உங்களுக்கும் உண்டு.